ஏதென்ஸும் ஒரு தீவும்: ஒரே பயணத்தில் இரண்டு

கிரீஸ் செல்கிறீர்களா? சில குறிப்புகள்:

● நகரத்தை முதலில் பார்த்துவிடுங்கள். நடந்து களைத்த கால்களுக்குத் தீவில் ஓய்வு.

● அக்ரோபோலிஸ் நுழைவுச்சீட்டை நேரம் குறித்து முன்பதிவு செய்யுங்கள். காலையில் முதல் நேரமே நல்லது. கோடையில் வெயில் கடுமையானால் நடுப்பகலில் மூடிவிடுவதும் உண்டு. பளிங்குப் படிகள் வழுக்கும். பிடிமானமுள்ள காலணி அவசியம்.

● நாள் குறைவா? பிரேயஸ் துறைமுகத்திலிருந்து விரைவுப் படகில் சுமார் 40 நிமிடத்தில் ஏஜினா தீவு. பிஸ்தாவுக்குப் பேர்போன ஊர்; பழமையான அஃபாயா கோயிலும் உண்டு. கார்களே ஓடாத அமைதி வேண்டுமானால் ஹைட்ரா.

● நக்ஸோஸ் போன்ற தொலைவுத் தீவுகளுக்குக் குறைந்தது மூன்று இரவுகள் ஒதுக்குங்கள். படகிலேயே அரை நாள் போய்விடும்.

● படகு பிரேயஸிலிருந்தா, ரஃபினாவிலிருந்தா என்று சீட்டில் பாருங்கள். பிரேயஸுக்கு விமான நிலையத்திலிருந்தே மெட்ரோ உண்டு. ஆனால் விமான நிலையத்துக்கு அருகில் இருப்பது ரஃபினா.

● ஜூலை, ஆகஸ்டில் 'மெல்டெமி' வடகாற்று பலமாக வீசினால் படகுகள் ரத்தாகும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே ஏதென்ஸ் வந்துவிடுங்கள்.

● செப்டம்பரில் கூட்டம் குறையும். கடல் நீரோ இதமாகவே இருக்கும்.

● இந்தியக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் விசா தேவை. பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி 15 நாள் வரை காத்திருக்காதீர்கள்.