மருத்துவக் குறிப்புகளுக்கு இன்னோர் இருப்பிடம்

நெஞ்சுவலியோடு வருபவரின் இசிஜி படத்தில் ஒரு மாறுதல் தென்பட்டால், அது இன்று தோன்றியதா, பல ஆண்டுகளாக இருப்பதா என்பதை மருத்துவர் அறிய வேண்டும். பழைய படம் கையில் இருந்தால் விடை விரைவில் கிடைக்கும். இல்லையேல் புதிய சோதனைகளும் காத்திருப்பும் தேவைப்படலாம். இசிஜி பெரும்பாலும் வெப்பத்தாளில் அச்சாவதால் சில ஆண்டுகளில் அதன் கோடுகள் மங்கிவிடும். ஆகவே மருத்துவக் குறிப்புகளைப் படியெடுத்துக் காப்பதைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நாம் கருத வேண்டும்.

முசிறியிலிருந்து திருச்சிக்கும் நாமக்கல்லுக்கும் சிகிச்சைக்காகச் செல்லும் குடும்பங்கள் பல. ஒரே நோயாளரின் குறிப்புகள் மூன்று நான்கு இடங்களில் சிதறிக் கிடக்கின்றன. உள்நோயாளரின் குறிப்புகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகள் மருத்துவர் பேண வேண்டும் என்றும், நோயாளர் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் வழங்க வேண்டும் என்றும் இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் கூறுகின்றன. நீரிழிவும் இதயநோயும் மூன்றாண்டுகளில் முடிபவை அல்ல. நெடுங்காலக் காவல் நம் கையிலேயே உள்ளது.

இப்போது சில வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் ‘நாஸ்’ எனப்படும் சேமிப்புப் பெட்டியை வைத்திருக்கிறார்கள். வீட்டு இணைய வலையில் இணைந்திருக்கும் அந்தப் பெட்டியில் அனைவருடைய கைபேசிகளும் கணினிகளும் கோப்புகளைச் சேர்க்கலாம். அதனுள் இரண்டு வட்டுகள் இருக்க, ஒன்றில் எழுதுவது மற்றதிலும் எழுதப்படும்படி அமைப்பதே ‘ரெய்டு’. ஒரு வட்டு பழுதானால் மற்றது காக்கும். ஆயினும் திருட்டு, தீ, மின்னல், வெள்ளம் ஆகியவை முழுப் பெட்டியையும் கொண்டுபோய்விடும். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் வீடுகளுக்குள் நீர் புகுந்தபோது, பத்திரங்களும் சான்றிதழ்களும் ஒருசேர நனைந்து அழிந்தன. காவிரிக் கரையில் வாழும் நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஓலைச்சுவடிகள் செல்லுக்கு இரையாகும் என்றறிந்த முன்னோர், பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏடு எழுதி வைத்தனர். அந்த அறிவே இன்று ‘3–2–1’ என்னும் விதியாக வழங்குகிறது. கோப்பு 3 படிகளாக இருக்க வேண்டும். அவை 2 வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். 1 படியாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். இந்த வெளியூர்ப் படிக்குக் ‘கிளவுட்’ எனப்படும் மேகச் சேமிப்பகம் ஏற்றது.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்திற்கொள்ள வேண்டும். ‘சிங்க்’ என்பது இரண்டு இடங்களை ஒன்றுபோல் வைத்திருப்பது; இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். ‘பேக்கப்’ என்பது நேற்றைய நிலையையும் சென்ற மாத நிலையையும் தனித்தனியே காப்பது. 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்னும் பணயத் தீநிரல், இணையத்துக்கு நேரே திறந்திருந்த கியூநாப் சேமிப்புப் பெட்டிகளுட் புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. அத்தகைய வேளையில் சிங்க் மட்டும் இருந்தால், பூட்டப்பட்ட கோப்பே மேகத்துக்கும் போய்ச் சேரும்.

2022 நவம்பர் 23 அன்று தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையும் இவ்வகைத் தாக்குதலுக்கு உள்ளானது. பல நாள்கள் பதிவும் ஆய்வகப் பணியும் கைகளால் எழுதியே நடந்தன. தாக்குதலுக்குத் தப்பிய ஒரு காப்பு வழங்கியிலிருந்தே மருத்துவமனைத் தரவுகள் மீட்கப்பட்டன. பெரிய நிறுவனத்தைக் காத்த வழியே நம் வீட்டுக்கும் வழி.

செய்யும் முறை எளிது. முதலாவது, மருத்துவக் கோப்புகளை ஆள்வாரியாகவும் ஆண்டுவாரியாகவும் தனி உறையில் அடுக்குக. ஸ்கேன் குறுந்தகட்டில் உள்ளவற்றை முழுமையாகப் பெட்டியில் ஏற்றுக. இரண்டாவது, பெட்டியுடன் வரும் பேக்கப் செயலியைத் திறந்து (சினாலஜியில் ‘ஹைப்பர் பேக்கப்’, கியூநாப்பில் ‘ஹைப்ரிட் பேக்கப் சிங்க்’) மேகக் கணக்கை இணைக்குக. மூன்றாவது, பழைய பதிப்புகளைக் காக்கும் வசதியையும், கோப்புகளை மறையாக்கம் செய்யும் வசதியையும் இயக்குக. நான்காவது, இரவு நேரத்தில் தானே நடக்கும்படி நேரம் குறிக்குக. கணக்கில் நுழையக் கடவுச்சொல்லோடு கைபேசிக் குறியீடும் தேவைப்படும்படி அமைப்பது நன்று.

முதன்முறை ஏற்றுவதற்குப் பொறுமை வேண்டும். 200 ஜிபி கோப்புகளை நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் ஏற்ற ஏறத்தாழ 44 மணி நேரம் ஆகும். அதன்பின் மாறியவை மட்டுமே செல்வதால் சில நிமிடங்கள் போதும். மின்தடையைத் தாங்க ஒரு யுபிஎஸ் இருப்பது நலம்.

மறையாக்கத்தின் திறவுச்சொல் தொலைந்தால் சேமிப்பக நிறுவனத்தாராலும் கோப்பைத் திறக்க இயலாது. அதைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்து, நம்பிக்கையான இன்னொருவருக்கும் இடத்தைச் சொல்லி வைக்க வேண்டும். அமைத்தவரே நோய்ப்படுக்கையில் இருக்கும் நாளில்தான் அது தேவைப்படும்.

மேகமும் எங்கோ நிற்கும் ஒரு கட்டடமே. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையம் எரிந்தபோது, வேறிடத்தில் படி வைக்காத வாடிக்கையாளர்கள் தரவுகளை இழந்தனர். ஆகவே வீட்டுப் படியைக் கைவிடலாகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பை மேகத்திலிருந்து இறக்கித் திறந்து பார்க்க வேண்டும். திறந்து பார்க்காத காப்புநகலை நம்ப இயலாது.

பெட்டி இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. கைபேசியில் தெளிவாகப் படமெடுத்து டிஜிலாக்கரிலோ கூகுள் டிரைவிலோ ஏற்றி, ஒரு பென்டிரைவிலும் வைத்தால் விதி நிறைவேறும். 14 இலக்க ‘ஆபா’ எண் பெற்றவர்களும் இதைச் செய்ய வேண்டும். அந்த எண் குறிப்புகளை இணைக்கிறதேயன்றி, மூலக்குறிப்புகள் அவற்றை உருவாக்கிய மருத்துவமனையிலேயே இருக்கின்றன.

இன்றே தொடங்க விரும்புவோர், ஒவ்வாத மருந்துகளின் பட்டியல், இப்போது உண்ணும் மருந்துகள், கடைசி இசிஜி, வீடு திரும்பியபோது தந்த சுருக்கம் ஆகிய நான்கையும் முதலில் படியெடுங்கள். மற்றவை மெல்லச் சேரட்டும்.