ஓடட்டும், உப்பை மறக்காதீர்கள்

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் நோய் உள்ள பிள்ளையை, மூச்சு வாங்குகிறதே என்று உட்கார வைக்காதீர்கள். ஓட்டமும் குதியாட்டமும் நெஞ்சில் ஒட்டிய கெட்டிச் சளியை இளக்கும். ஆனால் பிசியோதெரபிக்கு அது மாற்று அல்ல. பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் வேகம் சரி.

எவ்வளவு ஆடினார்கள் என்று அறிய ஸ்மார்ட் கைக்கடிகாரம் மட்டும் போதாது; அது நடந்த அடிகளை எண்ணும். சைக்கிளையும் நீச்சலையும் பல நேரம் கோட்டைவிடும். அதனால் ஒரு நோட்டில் நிமிடம், இருமல், சோர்வு மூன்றையும் குறித்து (மதிப்பெண் போட அல்ல!) மருத்துவரிடம் காட்டுங்கள்.

இந்தப் பிள்ளைகளின் வியர்வையில் உப்பு மிக அதிகமாகப் போகும். தாகமும் சரியாகத் தெரியாது. கேட்கட்டும் என்று காத்திராமல், விளையாட்டுக்கு நடுவிலேயே உப்புப் போட்ட மோர் கொடுங்கள். எவ்வளவு உப்பு என்பதை மருத்துவர் சொல்லட்டும். சளியில் ரத்தம், நெஞ்சுவலி, தலைசுற்றல் என்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் போங்கள்.