ஏரிக்கரைக்குப் புதிதாக நடக்க வருகிறவர்களுக்கு

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரி நிறைந்ததும் கரையில் காலை நடைக்கு ஆள் கூடிவிடும். அவர்களில் இரண்டொருவர் நின்று, "அது என்ன பறவை, ஐயா?" என்று கேட்பார்கள். அப்படிக் கேட்பவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். நான் அறிந்தவை செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகள். உங்கள் ஊரில் இருப்பது குளமோ கண்மாயோ ஆனாலும் பெரும்பாலும் பொருந்தும்.

1. ஒரே வழியில் நடங்கள். நாளுக்கோர் இடம் போனால் எல்லாமே புதிதாக இருக்கும். எது மாறியது என்பது தெரியாது. அதே மதகு, அதே கருவேல மரம், அதே மின்கம்பி என்று பழகிவிட்டால், நேற்று இல்லாத ஒன்று இன்று வந்து உட்கார்ந்திருப்பது தானாகவே கண்ணில் படும்.

2. முதலில் ஊர்க்காரர்களைத் தெரிந்துகொள்ளுங்கள். காகம், மைனா, கரிச்சான், மடையான், ஆள்காட்டி ஆகியவற்றைத் தயங்காமல் சொல்ல வர வேண்டும். மடையான் சேற்றோரம் நிற்கும்போது சேற்றின் நிறம். எழுந்து பறந்தால் இறக்கை வெள்ளை. வெண்மார்பு மீன்கொத்தி தண்ணீரே இல்லாத தெருக் கம்பியிலும் உட்காரும். வெட்டுக்கிளியும் ஓணானும்கூட அதற்கு இரைதான். மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கைப் பத்தி எழுதினார். யானையைப் பார்த்த அதே அக்கறையோடு காகத்தையும் பார்த்தவர் அவர்.

3. அப்புறம் விருந்தாளிகள். பழுப்புக் கீச்சான் செப்டம்பர் வாக்கில் வந்து ஒரு முட்புதரைத் தன் இடமென்று பிடித்துக்கொள்ளும். விடியலிலும் அந்தியிலும் கரகரத்த குரலில் கத்தும். வயலில் மஞ்சள் வாலாட்டி இறங்கும். வாலாட்டிகள் வாலை மேலும் கீழும் ஆட்டும். தோப்பு நிழலில் திரியும் கொடிக்கால் வாலாட்டி மட்டும் பக்கவாட்டில் ஆட்டும். வெண்புருவ வாலாட்டி ஆண்டு முழுக்க இங்கேயே இருப்பது. அதை விருந்தாளிக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

4. "வெளிநாட்டுப் பறவைகள் முட்டையிட வந்திருக்கின்றன" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஊசிவால் வாத்தும் தட்டைவாயனும் வட ஆசியாவில் கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே நீர்நிலைகள் உறையும் காலத்தில் இரைக்காக இங்கே வருபவை. வேடந்தாங்கலில் கூடு கட்டும் நத்தைக்குத்தி நாரையும் நீர்க்காகமும் கூழைக்கடாவும் நம் துணைக்கண்டத்துப் பறவைகளே. மழைக்குப்பின் மீனும் நத்தையும் பெருகுவதால் குஞ்சு வளர்க்க அவற்றுக்கு இதுவே ஏற்ற காலம். இரை தேடி அவை சுற்றுவட்டார ஏரிகளுக்கும் வயல்களுக்கும் பறந்து வருகின்றன. சரணாலயத்துக்குப் போக முடியாதவர்கள் ஏங்க வேண்டியதில்லை.

5. வெயில் உங்கள் முதுகில் விழட்டும். காலையில் மேற்கே பார்த்து நடந்தால் இறகின் நிறம் தெரியும். கிழக்கே பார்த்தால் எல்லாப் பறவையும் கறுப்புதான். 8 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் பைனாகுலர் இருந்தால் நல்லது. இல்லை என்பதற்காக நடையைத் தள்ளிப்போடாதீர்கள்.

6. காதில் மாட்டியிருப்பதைக் கழற்றுங்கள். வேலிப் புதருக்குள் "டக்… டக்…" என்று கேட்டால் அது பிளித் நாணல் கதிர்க்குருவியாக இருக்கலாம்; குரல் கேட்கும் அளவுக்கு ஆள் தென்படாது. ஆறுமணிக்குருவி விடியலிலும் அந்தியிலும் சீழ்க்கையடிக்கும். பகலில் சத்தமின்றிச் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். மார்கழியில் குயில் பெரும்பாலும் வாய் திறக்காது. அது கூவத் தொடங்கும் நாளைக் குறித்துவையுங்கள். செல்போனில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்க வேண்டாம். எதிரி வந்துவிட்டதென்று எண்ணி அது இரைதேடும் நேரத்தை வீணாக்கும்.

7. தரையையும் பாருங்கள். பனி படிந்த காலையில் சிலந்தி வலை இழை இழையாகத் தெரியும். மழை படாத திண்ணையோர மணலில் கூம்புக் குழிகள் தென்பட்டால் அவை குழியானை வைத்த பொறி. சரிந்து விழும் எறும்பு அதற்கு இரை. பல ஊர்களில் போகியன்று காப்புக் கட்டப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வாங்குகிறார்கள். அவை உங்கள் கரையில் எங்கே முளைத்திருக்கின்றன என்று தேடிப் பாருங்கள். முருங்கையில் அப்பிக்கிடக்கும் கம்பளிப்பூச்சியைக் கண்டால் தள்ளி நில்லுங்கள்.

8. இருட்டில் டார்ச் இல்லாமல் கிளம்பாதீர்கள். கரைப் புல்லில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடக்கும். உரக்கச் சீறினால் அது எச்சரிக்கை, பின்வாங்கிவிடுங்கள். கடித்துவிட்டால் கீறுவதும் கூடாது, இறுகக் கட்டுவதும் கூடாது. நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். விஷமுறிவு மருந்துதான் காப்பாற்றும்.

9. அன்றன்றே எழுதுங்கள். தேதி, நேரம், இடம், எத்தனை என்ற நான்கும் போதும். பொங்கல் நாள்களில் தமிழகம் முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 15 நிமிடம் ஓரிடத்தில் பார்த்ததை இ-பேர்ட் தளத்தில் பதிந்தால் நீங்களும் அதில் ஒருவர். பறவை வந்த நாளை யாரும் கவனித்துவிடலாம். போன நாளைக் கண்டுபிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் கடைசியாகப் பார்க்கும்போது அதுதான் கடைசி என்று தெரியாது. "இன்றும் கீச்சான் உண்டு" என்று தினமும் எழுதியவருக்கே ஏப்ரல் வாக்கில் அந்தத் தேதி கிடைக்கும். அதனால் சலிப்பாக இருந்தாலும் நேற்று எழுதியதையே இன்றும் எழுதுங்கள்.