துளையிடும் கடற்பஞ்சை இனங்காணுதல்

பயிரிலே துளையைக் கண்டவுடன் மருந்தைத் தேடும் வழக்கம் கமக்காரர் பலரிடத்து உண்டு. துளையை இட்டது யாது, அதனால் நேர்ந்த கேடு எவ்வளவு என்னும் இரண்டையும் அறிந்த பின்னரே பரிகாரம் செய்தல் வேண்டும். இதனை விளக்குதற்கு, மன்னார்க் குடாவில் முத்துச்சிப்பியைத் துளைக்கும் கடற்பஞ்சு ஏற்றதொரு பாடமாகும்.

உயிரின் இயல்பு

கடற்பஞ்சு தாவரமன்று, ஓரிடத்தில் ஒட்டி வாழும் எளிய விலங்கு. நுண்துளைகள் வழியே நீரை உள்ளிழுத்து, அதிலுள்ள உணவை வடித்துக்கொண்டு, எஞ்சிய நீரை வெளிவிடும். கிளையோனா என்னும் சாதியைச் சேர்ந்தவை முருகைக்கல்லையும் சிப்பியோட்டையும் குடைந்து உள்ளே குடியிருப்பன. இவை சுண்ணப்பொருளைச் சிறிது சிறிதாக அரித்து, கண்ணுக்குப் புலனாகாத சிம்புகளாகப் பெயர்த்து வெளியேற்றும். நெல்லின் தண்டுத் துளைப்பான் தண்டின் உட்பகுதியைத் தின்னும். இக்கடற்பஞ்சோ ஓட்டைத் தின்பதில்லை, உறைவிடமாகவே கொள்ளும்.

அடையாளங்கள்

1. ஓட்டின் மேற்புறத்தில் சிறு வட்டத் துளைகள் பல சிதறிக் காணப்படும். ஓட்டை உடைத்தால், உள்ளே ஒன்றோடொன்று இணைந்த அறைகள் தேன்கூடு போலத் தோன்றும்.

2. விளிம்பு சரிந்த ஒற்றை வட்டத் துளை, சிப்பியை உண்ணும் நத்தை இட்டதாகும். இரண்டிரண்டாக அமைந்த நுண்துளைகள் பெரும்பாலும் கடற்புழுவினுடையவை.

3. நிறத்தை மட்டும் நம்பலாகாது. உயிருள்ளபோது மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ காணும் கடற்பஞ்சு, உலர்ந்தபின் நிறம் மாறும்.

4. திடமான சான்று நுணுக்குக்காட்டியிலேயே கிடைக்கும். உடலினுள் குண்டூசி வடிவான நுண்முட்கள் இருக்கும். இவை சிலிக்காவால் ஆனவை. நெல்லின் இலைக்குச் சொரசொரப்பையும் உமிக்குக் கடினத்தையும் தருவது இப்பொருளே.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பகுதிகளில் வீட்டுத்தோட்டம் செய்வோர், கடற்கரையில் ஒதுங்கிய பழஞ்சிப்பிகளை எடுத்து முதலிரு அடையாளங்களையும் ஒப்பிட்டுப் பழகலாம்.

முத்துப்பார்களின் வரலாறு

1892 முதல் 1902 வரை இலங்கையில் முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. காரணத்தை ஆராய 1902 ஆம் ஆண்டில் பேராசிரியர் ஹேர்ட்மன் வரவழைக்கப்பட்டார். அங்குச் சேர்க்கப்பட்ட கடற்பஞ்சுகளை ஆராய்ந்த ஆர்தர் டெண்டி, சிப்பியோட்டைத் துளைக்கும் வகையொன்றுக்குக் கிளையோனா மார்கரிட்டிபெரா என 1905 இல் பெயரிட்டார். ஆயினும், பார்கள் அழிந்தமைக்குக் கடலடி மணல் பெயர்ந்து சிப்பிகளை மூடுவதையே ஹேர்ட்மன் முதன்மைக் காரணமாகக் கொண்டார். கண்ணுக்குத் தெரிந்த துளை சிறு கேடு. பெருங்கேடு வேறிடத்தில் இருந்தது.

கமக்காரர் செய்ய வேண்டியன

நெற்பயிரின் நடுக்குருத்து வாடினால் அதனை மெல்ல இழுத்துப் பாருங்கள். எளிதில் கழன்று, அடியில் தின்ற அடையாளம் இருப்பின் தண்டுத் துளைப்பான் எனக் கருதலாம். தண்டைப் பிளந்து புழுவையோ அதன் எச்சத்தையோ கண்டு உறுதி செய்க. கதிர் வெளுத்தபின் மருந்து தெளித்தல் அக்கதிரை மீட்காது, பணமே வீணாகும். கத்தரி, வெண்டிக் காய்களில் துளை காணினும் காயை வெட்டி உள்ளே பார்க்க வேண்டும்.

ஐயம் எழுமாயின், பாதிக்கப்பட்ட செடியையோ காயையோ தாமதமின்றி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, அவரது ஆலோசனைப்படி நடந்து பயன்பெறுக.