நெஞ்சில் நோ: வாதமா, இருதயமா?



இந்த முறை எமது சுகாதாரப் பாடம், மூட்டுவாதம் உள்ளவர்களுக்கு வருகிற நெஞ்சு நோவைப் பற்றியது. சிலாபம் தொடக்கம் கற்பிட்டி வரையுள்ள கரையோரத்தில் தென்னந்தோட்டத்திலும், தும்பு ஆலையிலும், உப்பளத்திலும் உழைக்கிற நமக்குக் கை கால் நோ புதிதல்ல. ஆனால் அதே வாதம் நெஞ்சுக் கூட்டையும் பிடிக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

ஓர் அக்காவை நினைத்துக்கொள்வோம். வயது ஐம்பது. பத்து வருடமாக வாதத்துக்குக் கிளினிக் மருந்து எடுக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் விலாவில் குத்து வந்தது. பயந்துபோய் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, "இருதயத்தில் கோளாறு இல்லை, இது வாதம்தான்" என்று சொல்லி அனுப்பினார்கள். இப்போது ஒரு நாள் விடியற்காலையில் அவருக்கு நெஞ்சில் பாரம் ஏற்றி வைத்தது போல இருக்கிறது. உடம்பெல்லாம் வியர்வை. "அது பழைய வருத்தந்தான், வாயு புடிச்சிருக்கு. இஞ்சியும் உள்ளியும் அவிச்சுக் குடிச்சாச் சரியாப் போயிடும்" என்று பாயில் சாய்ந்துவிடுகிறார். பக்கத்தில் இருக்கிற நாம் என்ன செய்ய வேண்டும்? இதற்கு விடை தெரிந்துகொள்ளவே இந்தப் பாடம்.

வாதம் நெஞ்சுக்கு எப்படி வருகிறது?

நமது உடம்பில் 12 சோடி விலா எலும்புகள் உண்டு. பின்பக்கம் அவை முள்ளந்தண்டோடு மூட்டாகச் சேர்கின்றன. முன்பக்கம் மேலே உள்ள 7 சோடியும் குருத்தெலும்பினால் நெஞ்செலும்போடு சேர்கின்றன. முழங்கால் நோகிறது என்றால் காலை நீட்டி உட்கார்ந்து ஓய்வு கொடுக்கலாம். விலா மூட்டுக்கு அந்த ஓய்வு இல்லை. நாம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 20,000 தடவை மூச்சு விடுகிறோம். ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த மூட்டுகள் அசைய வேண்டும்.

வயது போகத் தேய்ந்து வருகிற மூட்டு நோ ஒரு வகை. நாம் இங்கே பேசுவது வேறு வகை. உடம்பைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்புச் சக்தி தவறுதலாக மூட்டையே தாக்குவதால் வருகிற அழற்சி வாதம் இது. முடக்குவாதத்தில் இரண்டு கை விரல் மூட்டுகளும் வீங்கும். பெண்களுக்கே இது கூடுதலாக வரும். முள்ளந்தண்டு வாதம் பெரும்பாலும் 45 வயதுக்குள் இடுப்பிலும் முதுகிலும் தொடங்கும். இரவில் நோ எழுப்பிவிடும். காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் உடம்பு விறைத்திருக்கும். எழுந்து நடமாடினால் குறையும். இந்த வாதங்கள் விலா மூட்டையும் குருத்தெலும்பையும் பிடித்தால்தான் நெஞ்சில் குத்து வருகிறது.

2006 இன் இறுதியிலும் 2007 இலும் சிக்குன்குனியா வந்தபோது புத்தளம் மாவட்டமும் பாதிக்கப்பட்டது. காய்ச்சல் சில நாளில் விட்டாலும் மூட்டு நோ சிலருக்கு மாதக்கணக்கில் நின்றது. அன்றிலிருந்து எந்த மூட்டு நோவையும் "அந்தக் காய்ச்சல் விட்ட மிச்சம்" என்று சொல்லிப் பேசாமல் இருக்கிற பழக்கம் சிலரிடம் உண்டு. ஆறு வாரத்துக்கு மேல் மூட்டு வீங்கி நோகுமானால், காரணம் எதுவானாலும் டொக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். பிந்தினால் மூட்டு கோணிவிடும்.

வாத நோவின் அடையாளம்

விலா வாதம் பெரும்பாலும் ஊசி குத்துவது போல இருக்கும். நோகிற இடத்தை ஒரு விரலால் காட்டலாம். அந்த இடத்தை அமத்தினால் நோ கூடும். ஆழமாக மூச்சிழுத்தால், இருமினால், தும்மினால், உடம்பைத் திருப்பினால் குத்தும். தேங்காய் உரிக்கிற நாளிலும், உப்பு வாரிச் சுமக்கிற நாளிலும் கூடும்.

ஆனால் இதை மட்டும் வைத்து நாமே முடிவெடுக்கக் கூடாது. அமத்தினால் நோகிறவருக்கும் இருதய வருத்தம் இருக்கலாம். முதன்முறையாக வருகிற எந்த நெஞ்சு நோவையும் டொக்டர் பார்த்துத்தான் வாதம் என்று சொல்ல வேண்டும்.

உடனே போக வேண்டிய நோ

முடக்குவாதம் உள்ளவர்களுக்கு இருதய நோய் வரும் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. அழற்சி இரத்தக் குழாய்களையும் பாதிப்பதே காரணம். அதனால் "எனக்கு வாதம்தானே" என்பது தைரியம் சொல்லும் பேச்சல்ல. கூடுதல் கவனம் வேண்டும் என்பதற்கான பேச்சு. கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்க வேண்டாம்:

• நெஞ்சை அழுத்துவது, இறுக்குவது, பாரம் வைத்தது போன்ற நோ
• நோ கைக்கோ, தாடைக்கோ, கழுத்துக்கோ, முதுகுக்கோ பரவுதல்
• குளிர்ந்த வியர்வை, வாந்தி, மயக்கம், மூச்சுத் திணறல் (பெண்களுக்குச் சில வேளை நெஞ்சு நோ பெரிதாக இல்லாமல் இவை மட்டுமே வரும்)
• படுத்தால் கூடி, முன்னுக்குக் குனிந்து உட்கார்ந்தால் குறைகிற நோ
• காய்ச்சலும் இருமலும் சேர்ந்த நோ
• விழுந்த பிறகு வந்த நெஞ்சு நோ, முதுகு நோ

"1990" என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவ செரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆளை நடக்க விடாமல் உட்கார வையுங்கள். எண்ணெய் தேய்த்து, கசாயம் காய்ச்சி நேரம் போக்க வேண்டாம். போய்ப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று திரும்பி வந்தால் அது வெட்கமல்ல. "போன தடவையும் சும்மாதானே அனுப்பினாங்க" என்று நினைத்து இந்தத் தடவை போகாமல் விடுவதுதான் ஆபத்து.

மருந்தில் கவனம்

மெதோட்ரெக்சேட் என்ற மருந்தை வாதத்துக்கு வாரத்தில் ஒரே ஒரு நாள் மட்டுமே எடுக்க வேண்டும். நாளாந்தம் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு கிழமையைத் தீர்மானித்துக் கலண்டரில் அடையாளம் போடுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். இரத்தப் பரிசோதனையைத் தவற விடாதீர்கள். சாராயமும் கசிப்பும் இந்த மருந்தோடு சேர்ந்தால் ஈரலைக் கெடுக்கும். கர்ப்பமாக உள்ளவர்கள் இதை எடுக்கக் கூடாது. பிள்ளை பெற நினைக்கிறவர்கள் முன்கூட்டியே டொக்டரிடம் பேச வேண்டும். புதிதாக வறட்டு இருமலோ மூச்சு வாங்குதலோ வந்தால் உடனே காட்டுங்கள்.

டிக்ளோபெனக் போன்ற நோ மாத்திரைகளைக் கடையில் வாங்கி நினைத்தபடி போட வேண்டாம். வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் பழுதாகும். காய்ச்சல் வந்து டெங்கு என்று சந்தேகம் இருந்தால் அவற்றை எடுக்கவே கூடாது. இரத்தக் கசிவு ஏற்படும். அந்த நேரத்தில் பரசிட்டமோல் மட்டும் அளவாக எடுத்துக்கொண்டு டொக்டரிடம் போங்கள்.

நாளாந்தம் எப்படிச் சமாளிப்பது?

காலையில் எழுந்ததும் உப்பு ஒத்தடம் நல்லது. நமது ஊர்க் கல்லுப்பைச் சட்டியில் சூடாக்கித் துணியில் முடிந்து, புறங்கையில் வைத்துச் சூடு பார்த்த பிறகு விலாவில் ஒற்றுங்கள். பின் நேராக உட்கார்ந்து, மூக்கால் மெதுவாக மூச்சிழுத்து வாயால் விடுங்கள். ஐந்தாறு தடவை போதும். நோகுமே என்று பயந்து மேல்மூச்சு மட்டும் விட்டால் நெஞ்சுக் கூடு மெல்ல மெல்ல விறைத்துப்போகும். இதே காரணத்தால் நெஞ்சைச் சுற்றித் துணி இறுக்கிக் கட்டவும் வேண்டாம். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். பீடி, சிகரட்டை விட்டுவிடுங்கள். அவை வாதத்தையும் கூட்டும், இருதயத்தையும் கெடுக்கும்.

உரிக்கிற வேலையை ஒரே மூச்சில் முடிக்காமல் இடையிடையே நிமிர்ந்து நில்லுங்கள். பாரத்தை உடம்போடு சேர்த்துத் தூக்குங்கள். நோ கூடிய நாளில் கங்காணியிடம் சொல்லி இலேசான வேலை கேளுங்கள். வெளியில் தெரியாத வருத்தம் என்பதால் "நடிக்கிறா" என்று சொல்வார்களோ என்று மறைக்க வேண்டாம். கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். கங்காணிமாரும் இதைப் புரிந்துகொள்ள வேண்டுமென்று கேட்கிறோம்.

புத்தளம், சிலாபம் அரச ஆஸ்பத்திரிகளில் முதலில் காட்டலாம். தேவையானால் அங்கிருந்து வாத வைத்திய நிபுணரிடம் அனுப்புவார்கள். புத்தளம் ரயில் பாதை பிரிகிற இராகமையிலேயே வாத நோய்க்கும் புனர்வாழ்வுக்குமான அரச வைத்தியசாலை இருக்கிறது.

இனி அந்த அக்காவிடம் திரும்புவோம். பழைய குத்து விரலால் காட்டக்கூடியது, மூச்சோடு கூடியது. இன்றைய நோ பாரமானது, வியர்வையோடு வந்தது. இரண்டும் ஒன்றல்ல. இஞ்சித் தண்ணீருக்கு அடுப்பு மூட்டுவதற்கு முன் 1990 க்கு அழைப்பதே நாம் அவருக்குச் செய்யும் உதவி.

கூடிப் பேசுவதற்கு:

1. உங்கள் லயத்தில் வாதத்துக்கு மருந்து எடுப்பவர் யார்? அவருடைய மருந்து நாள் வீட்டாருக்குத் தெரியுமா?
2. இரவில் ஒருவருக்கு நெஞ்சு நோ வந்தால் யார் தொலைபேசி எடுப்பது, யார் பாதை வரை போய் அம்புலன்சைக் கூட்டி வருவது?
3. "வாயு" என்று சொல்லி நாம் தட்டிக்கழிக்கிற நோக்கள் எவை?