நாகமானும் மூக்கு மருந்தும்

வேதபகுதி: 2 இராஜாக்கள் 5:1–14



 வேதபாடத்திற்கு மூக்கடைப்பு ஒரு பொருளா என்று சிலர் புன்னகைக்கலாம். மார்கழி, தை மாதங்களில் தர்மபுரிப் பனிக்காலையில் நம் வெளிநோயாளர் வரிசையில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் அப்படிக் கேட்கத் தோன்றாது. புளி உடைக்கும் தாய்மார், கல் குவாரித் தூசியில் வேலை செய்வோர், இரவெல்லாம் லாரி ஓட்டுகிறவர்கள், விறகடுப்புப் புகையில் சமைக்கிறவர்கள் என்று பலரும் வாயைத் திறந்தே மூச்சு விட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். சட்டைப் பையிலோ சுருக்குப் பையிலோ ஒரு சிறு மருந்துப் புட்டி இருக்கும். மனுஷனுடைய நாசியிலே தேவன் ஜீவசுவாசத்தை ஊதினார் என்று ஆதியாகமம் 2-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். அந்த நாசி அடைபட்டு ஒரு இரவு தூக்கமில்லாமல் கிடந்தவனுக்கே அதன் அருமை தெரியும்.

இப்போது நாகமானிடம் வருவோம். சீரியாவின் படைத்தலைவன், பராக்கிரமசாலி, ஆனால் குஷ்டரோகி. எலிசா தீர்க்கதரிசி வெளியே வந்து நின்று, தேவனுடைய நாமத்தைச் சொல்லி, ரோகமுள்ள இடத்தின்மேல் கையை அசைத்துச் சுகமாக்குவார் என்று அவன் நினைத்திருந்தான். வந்ததோ ஒரு ஆள். கொண்டுவந்ததோ யோர்தானில் ஏழுதரம் ஸ்நானம்பண்ணும்படி ஒரு செய்தி. தமஸ்குவில் ஆப்னாவும் பர்பாரும் இல்லையா என்று கோபத்தோடு திரும்பிவிட்டான். அவனுக்கு இரண்டு மனத்தாங்கல் இருந்தன. மருந்து உடனே வேலை செய்கிறதாக இல்லை. பார்வைக்கும் மதிப்பாக இல்லை. மூக்கு மருந்து விஷயத்தில் நம் ஜனங்களுக்கும் ஏறக்குறைய இதே மனத்தாங்கல்தான்.

மூக்கு மருந்து என்று நாம் ஒரே பெயராகச் சொன்னாலும் குணத்தில் முற்றிலும் வேறான இரண்டு மருந்துகள் உண்டு. முதலாவது, விட்ட சில நிமிடங்களில் மூக்கைத் திறந்துவிடும் சொட்டு மருந்து. ஓட்ரிவின், நாசிவியான் போன்ற பெயர்களில் கடையில் கேட்டவுடன் கிடைக்கும். உள்ளே இருப்பது ஸைலோமெட்டஸோலின் அல்லது ஆக்ஸிமெட்டஸோலின். இரண்டாவது, தும்மல், ஒவ்வாமை, நாட்பட்ட அடைப்பு முதலியவற்றுக்கு டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே. ஃபுளூட்டிக்கஸோன், மொமெட்டஸோன், புடசோனைடு ஆகியவை இந்த வகை. முதல் புட்டியை நம் ஜனங்கள் பயமின்றி வருஷக்கணக்கில் விட்டுக்கொள்ளுகிறார்கள். இரண்டாவது புட்டியைக் கண்டால் நடுங்குகிறார்கள். பயம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது என்பதே நான் சொல்ல வருவது.

மூக்கின் உள்ளே மென்மையான சதைமடிப்புகள் இருக்கின்றன. அவற்றில் இரத்தக்குழாய்கள் நெருக்கமாய் ஓடுகின்றன. சளி பிடித்தாலும் தூசி ஒவ்வாவிட்டாலும் அவை இரத்தம் நிறைந்து வீங்கி வழியை அடைக்கும். சொட்டு மருந்து அந்தக் குழாய்களைச் சுருக்குகிறது; உடனே காற்று ஓடுகிறது. சில மணி நேரத்தில் வேகம் தணிகிறது. நாள்கணக்கில் தொடர்ந்து விட்டால், மருந்து தணியும்போது சதை முன்னைவிட அதிகமாய் வீங்கத் தொடங்கும். அதற்காக மறுபடியும் மருந்து, மறுபடியும் வீக்கம். சளி எப்போதோ போயிருக்கும். மீதமிருப்பது மருந்து உண்டாக்கிய அடைப்பு மட்டுமே. இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. 1945-லேயே அமெரிக்காவில் ஃபைன்பெர்க், ஃபிரீட்லேண்டர் என்ற டாக்டர்கள் பிரைவின் என்ற அக்காலத்துச் சொட்டு மருந்தை அடிக்கடி விட்டுக்கொண்டவர்களிடம் இதைக் கண்டு எழுதினார்கள். ஆகவேதான் டாக்டர்கள் இந்த மருந்தை மூன்று நாள், மிஞ்சினால் ஐந்து நாள் என்று எல்லை கட்டுகிறார்கள்.

(இந்த வகை மருந்துகளுக்கு முன்னோடியான எபெட்ரினைச் சீனத்து மூலிகையிலிருந்து எடுத்து அதன் குணத்தை 1924-ல் உலகறியச் செய்தவர்கள் பீக்கிங் யூனியன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சென், ஷ்மிட் என்பவர்கள். அந்தக் கல்லூரியை 1906-ல் வேறு மிஷன்களோடு சேர்ந்து தொடங்கியது, நம் சேலம் பகுதியில் 1827 முதல் ஊழியஞ்செய்த அதே லண்டன் மிஷனெரி சங்கம். மூலிகை நல்லது, மருந்தும் நல்லது. அளவில்தான் காரியம் இருக்கிறது.)

லாரி ஓட்டுநர் ஒருவர் இரத்த அழுத்தம் அதிகமாகி நம் வார்டில் சேர்க்கப்பட்டார். இரண்டு வருஷமாகச் சொட்டு மருந்து. தொப்பூர் கணவாய் இறக்கத்தில்கூட ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் மூக்கில் விடுவாராம். தலையணையின் கீழ் ஒன்று, வண்டியில் ஒன்று, மனைவியின் பையில் அவசரத்துக்கு ஒன்று. இந்த மருந்து இரத்தக்குழாய்களைச் சுருக்கும் குணமுள்ளதால் அழுத்தமும் இருதயநோயும் உள்ளவர்கள் டாக்டரைக் கேளாமல் தொடவே கூடாது என்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. டாக்டர் முதலில் ஒரு நாசிக்கு மட்டும் நிறுத்தச் சொன்னார்; கூடவே ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும் உப்புநீரும் கொடுத்தார். அந்த நாசி தேறியபின் மற்ற நாசிக்கும் நிறுத்தம். முதல் சில இரவுகள் கொடுமை. “ஐயரே, ஒரே ஒரு சொட்டு” என்று என்னிடமே கெஞ்சினார். நான் ஜெபித்தேன், சொட்டு கொடுக்கவில்லை. இரண்டு வாரத்திற்குள் மூக்கு தானாகத் திறந்தது. குடியை விட்டவர்களோடு நான் உட்கார்ந்திருந்த இரவுகளுக்கும் இவரோடு உட்கார்ந்திருந்த இரவுகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இன்னொரு எச்சரிப்பு. இந்தச் சொட்டு மருந்தைக் குழந்தை குடித்துவிட்டால் ஒன்று, இரண்டு மில்லிகூட ஆபத்து. மயக்கமும் மூச்சுத்தடையும் வரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகம் 2012-ல் எச்சரித்தது. புட்டியை ஜன்னலில் வைக்காமல் உயரத்தில் பூட்டி வையுங்கள். பெரியவர்களுக்கான புட்டியைக் குழந்தையின் மூக்கில் விடாதேயுங்கள். எண்ணெய் ஊற்றிக் குளிப்பாட்டும்போது கைக்குழந்தையின் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடும் பழக்கத்தையும் பாட்டிமார் விட்டுவிட வேண்டும். எண்ணெய் நுரையீரலில் இறங்கி ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். 1925-லேயே லாஃப்லன் என்பவர் இந்நோயை விவரித்தார். தென்னிந்தியக் குழந்தைகளிடம் கண்டதைப் பற்றி 1973-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தது. அன்பினால் செய்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எண்ணெய்க்கு அது தெரியாது.

இனி இரண்டாவது புட்டி. ஸ்டீராய்டு என்ற பெயரே பாதிப் பயத்துக்குக் காரணம். 1948-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் மூட்டுவாதத்தால் முடங்கியிருந்த ஒரு பெண்ணுக்கு டாக்டர் ஹென்ச் கார்டிசோன் கொடுத்தபோது சில நாட்களில் அவள் நடந்தாள். உலகம் அதை அற்புதம் என்றது; 1950-ல் நோபல் பரிசும் வந்தது. அதிக அளவில் நெடுநாள் கொடுத்தபோது முகம் வீங்குதல், எலும்பு தேய்தல், சர்க்கரை ஏறுதல் என்று கேடுகளும் தெரியவந்தன. 2021-ல் கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, கட்டுக்கடங்காத சர்க்கரையோடு ஸ்டீராய்டு மருந்தும் அதிகமாய் உடலில் ஏறியவர்களிடையே கருப்புப் பூஞ்சை நோய் பரவி, பலர் கண்ணையும் தாடையையும் இழந்தார்கள். அவ்வருஷம் மே மாதம் தமிழக அரசு அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. பூஞ்சை மூக்கில் தொடங்கும் நோய் ஆகையால், அதற்குப்பின் மூக்கில் விடும் ஸ்டீராய்டு என்றாலே ஜனங்கள் ஓடினார்கள். அவர்களை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் அளவைப் பாருங்கள். ஃபுளூட்டிக்கஸோன் ஸ்ப்ரே ஒரு தரம் அழுத்தினால் வெளிவருவது 50 மைக்ரோகிராம். பெரியவருக்கு வழக்கமாக ஒரு நாளைக்கு 200. மிகச் சிறிய பிரெட்னிசலோன் மாத்திரைகளில் ஒன்றான 5 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பதோ 5000 மைக்ரோகிராம். மருந்துகளின் வீரியம் வெவ்வேறானதால் இரண்டையும் நேருக்கு நேர் எடைபோட முடியாது. என்றாலும் மூக்கில் விட்டதில் இரத்தத்தில் சேருவது நூற்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. மூக்குச் சதையிலேயே வேலையை முடித்துக்கொள்ளும்படி செய்யப்பட்ட மருந்து அது.

பக்கவிளைவு இல்லை என்று சொன்னால் நான் பொய்யனாவேன். மூக்கு வறட்சி, எரிச்சல், சிலசமயம் இரத்தக்கசிவு உண்டு. மூக்கின் நடுச்சுவரை நோக்கியே எப்போதும் அடித்தால் அரிதாக அதில் ஓட்டை விழலாம். கண் அழுத்த நோய் உள்ளவர்கள் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நீண்டநாள் உபயோகிக்கும் பிள்ளைகளின் உயரத்தை டாக்டர் அவ்வப்போது அளந்து பார்ப்பார். வளர்ச்சி சிறிதளவு மந்தப்படலாம். எச்.ஐ.வி.க்காக ரிட்டோனாவிர் அடங்கிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்கவே கூடாது. அந்த மாத்திரை ஃபுளூட்டிக்கஸோனை உடலில் தேங்க வைத்து, முகம் வீங்கும் அளவுக்குக் கொண்டுபோகும். வெட்கத்தினால் மறைக்கிறவர்கள் பலர். அவர்களோடு தனியாகப் பேசத்தான் சாப்ளின் அறைக்கு ஒரு கதவு இருக்கிறது.

அரூர் பக்கத்துத் தாய் ஒருத்தி தன் ஒன்பது வயது மகனுக்கு எழுதிக்கொடுத்த ஸ்ப்ரேயைப் பத்தாம் நாளே குப்பையில் போட்டாள். பயம் பாதி; வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒருவர் சொன்னது மீதி. “ஜெபித்த பிறகு எதற்கு மருந்து? அது அவிசுவாசம்” என்றாராம். பையனுக்கு ஆஸ்துமாவும் உண்டு. மூக்கில் ஒவ்வாமை பெருகினால் மார்பும் இழுக்கத் தொடங்கும். தை மாதத்தில் ஒரு இரவு அவனை ஆக்ஸிஜனோடு வார்டில் கண்டேன். பிழைத்தான், கர்த்தருக்கு ஸ்தோத்திரம். அப்படிப் போதிக்கிறவர்கள் எசேக்கியாவின் சரித்திரத்தை மறுபடி வாசிக்க வேண்டும் (2 இராஜாக்கள் 20). பதினைந்து வருஷம் ஆயுசைக் கூட்டித் தருவதாகக் கர்த்தர் வாக்குக் கொடுத்தாயிற்று. வாக்கைக் கொண்டுவந்த ஏசாயாவே அதன்பின் அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லிப் பிளவையின்மேல் போட வைக்கிறார். தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் திராட்சரசம் சொன்னபோதும் கொஞ்சம் என்ற அளவைச் சேர்த்தே சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). அப்போஸ்தலன் எழுதிய மருந்துச் சீட்டிலும் அளவு இருக்கிறது.

ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தினமும் விட வேண்டும். சிலருக்கு அரை நாளில் சற்றுத் தெரியும். முழுப் பலன் காண ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். நம்மில் பலர் ஏழு முழுக்கையும் முடித்த நாகமானைப்போலல்லாமல் மூன்றாம் முழுக்கிலேயே கரையேறி விடுகிறோம். விடும் முறையும் முக்கியம். மூக்கை மெதுவாய்ச் சிந்தி, தலையைச் சற்று முன்னே குனிந்து, வலது நாசிக்கு இடது கையாலும் இடது நாசிக்கு வலது கையாலும் புட்டியைப் பிடியுங்கள். குழாய்முனை அந்தப் பக்கத்துக் காதை நோக்கட்டும். பலமாய் உறிஞ்ச வேண்டாம். தொண்டையில் கசந்தால் மருந்து வழிதப்பிப் போய்விட்டது என்று அர்த்தம்.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது நல்லது. கால் லிட்டர் நீருக்கு அரைத் தேக்கரண்டியிலும் சற்றுக் குறைவான உப்பு போதும். நீரை ஒரு நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவிட்டதாக இருக்க வேண்டும். 2011-ல் லூசியானாவில் குழாய்நீரால் மூக்கைக் கழுவிய இருவர் மூளையைத் தாக்கும் அமீபாவால் இறந்தார்கள். 2024, 2025-ஆம் ஆண்டுகளில் கேரளத்தில் இவ்வகை மூளைக்காய்ச்சல் பலரைப் பிடித்தது. யோர்தானில் முழுகினவனைப் பின்பற்றிக் குளத்துநீரை மூக்கில் ஏற்ற வேண்டாம்.

மெதுவாய் வரும் கேட்டை நம் மாவட்டத்தாருக்கு நான் விளக்கத் தேவையில்லை. தாகம் தீர்த்த அதே கிணற்றுநீர்தான் ஃபுளோரைடினால் நம் பிள்ளைகளின் பற்களைக் கறையாக்கியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-ல் வந்தது. அதற்கு முன் வளர்ந்தவர்களின் சிரிப்பில் அந்தக் கறை இன்னும் இருக்கிறது.

பங்காளர்களே, உங்கள் காணிக்கை இதில் எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். நல்ல சமாரியன் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தது முதல் மணி நேரத்து வேலை. மறுநாள் சத்திரக்காரனிடம் கொடுத்த இரண்டு பணம் அடுத்து வரும் நாட்களுக்கானது. நம் ஏழை நோயாளர் நிதி அந்த இரண்டாம் வகை. சொட்டு மருந்தைக் கூலிக்காரர் தாமே வாங்கிக்கொள்ளுகிறார். மாதந்தோறும் வாங்க வேண்டிய ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத்தான் அவரால் தொடர்ந்து வாங்க முடிவதில்லை. பாதியில் நிறுத்திவிட்டுக் கடைச் சொட்டுக்கே திரும்பிவிடுகிறார்.

வெளியூர்ச் சபைகள் அன்போடு அனுப்பும் மருந்துப் பார்சல்களில் திறந்து உபயோகித்த மூக்கு ஸ்ப்ரேக்களும் வருகின்றன. ஒருவர் மூக்கில் வைத்த குழாய்முனையை இன்னொருவருக்குக் கொடுக்க முடியாது, அவற்றை அழித்துவிடுகிறோம். அனுப்ப விரும்புகிறவர்கள் முத்திரை உடைக்காத, காலாவதியாக ஆறு மாதமாவது உள்ள புட்டிகளை மட்டும் அனுப்புங்கள். வெளிநோயாளர் பிரிவுக்கு நீங்களே வந்தால், இப்போது விட்டுக்கொண்டிருக்கும் புட்டி எதுவானாலும் கையோடு கொண்டுவாருங்கள். பெயர் ஞாபகமில்லை, வெள்ளைப் புட்டி என்று சொன்னால் டாக்டரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது; எல்லாமே வெள்ளைப் புட்டிதான்.