ஐதிகமும் அளவையும்

“நேரில் கண்டவர் சொன்னார்” என்று எவரேனும் கூறிவிட்டால் போதும், நம்மில் பலர் அத்துடன் வழக்கை முடித்துவிடுகிறோம். விடுதியில் வழங்கும் கைவைத்தியங்களுக்கெல்லாம் இதுவே சான்று. “என் மாமாவுக்கு இதில்தான் குணமாயிற்று” என்பர். குணமாகாத மாமாக்களைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இச்சிக்கல் தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலையில், சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், வைதிகவாதி கூறும் பத்து அளவைகளுள் ஐதிகமும் ஒன்று. இன்ன மரத்தில் பேய் உண்டு என உலகத்தார் சொல்வதை மெய்யெனக் கொள்வதே அதற்கு எடுத்துக்காட்டு. பின்னர் மணிமேகலைக்கு அறம் உரைக்கும் அறவண அடிகளோ, காட்சி, கருத்து ஆகிய இரண்டை மட்டுமே அளவையாகக் கொள்கிறார்.

சென்ற ஆண்டு ஜவ்வாது மலைக்குச் சுற்றுலா சென்றபோது இக்காதை எனக்கு நினைவு வந்தது. அம்மலையில் கற்பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் வைத்த பழஞ்சின்னங்கள் உள்ளன. “குள்ளருங்க குடியிருந்த வீடு, தம்பி” என்றார் மலைவாழ் பெரியவர் ஒருவர்.

“நீங்கள் பார்த்தீர்களா, ஐயா?”

“எங்க தாத்தா சொன்னாரு.”

நாங்கள் சிரித்தோம். அவை இரும்புக் காலத்து மக்கள் இறந்தோர்க்கு எழுப்பியவை என்பது தொல்லியலார் முடிபு. பாடம் படித்த பெருமை எங்களுக்கு!

மறுநாள் அதே மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்திற்குச் சென்றோம். அங்கே சிரிப்பு அடங்கியது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்துச் செல்ல இருந்தது. பட்டாச்சாரியாவும் குப்புசாமியும் காவலூரின் 102 செ.மீ. தொலைநோக்கியால் அவ்விண்மீனைக் கண்காணித்தனர். கோள் வந்து மறைக்குமுன்னரே ஒளி சட்டென்று மங்கி மீண்டது. அதற்குக் காரணம் யுரேனசின் புதிய துணைக்கோள் எனக் கருதி ‘நேச்சர்’ இதழில் எழுதினர். அதே இரவில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே பறந்த விமானத்திலிருந்து எலியட் குழுவினரும் அளந்தனர். அவர்கள் பதிவில் கோளுக்கு முன்னே ஐந்து மங்கல்கள். பின்னேயும், ஏறத்தாழ அதே தொலைவுகளில், ஐந்து. துணைக்கோள்கள் இப்படி இருபுறமும் ஒத்து நிற்பது அரிது; வளையங்களாயின் அவ்வாறுதான் அமையும். காவலூரார் கண்டதும் வளையமே எனத் தெளிவாயிற்று.

காவலூரார் கண்டதில் பிழையில்லை. ஒளி மங்கியது உண்மை. அதற்குச் சொன்ன காரணமே மாறிற்று. கருவியோடு கற்றறிந்தவர்க்கே ஒற்றைச் சான்று இவ்வாறு வழிதப்பக் காட்டுமெனில், அப்பெரியவரைப் பார்த்துச் சிரிக்க எங்களுக்கு என்ன தகுதி? ஆள் நிமிர்ந்து நிற்க முடியாத கல்லறையைக் கண்ட எவருக்கும் குள்ளர் நினைவு வருவது இயல்பே. யாரோ முற்காலத்தில் கட்டினர் என்ற அவர் செய்தியும் பொய்யன்று. கண்டது வேறு, கருதியது வேறு என்று பிரித்துக் கேட்க எங்களுக்குத்தான் தெரியவில்லை.

திரும்பும் வழியில் குறிப்பேட்டை எடுத்தேன். “குள்ளர் கதை — வெறும் கட்டுக்கதை” என்று முதல் நாள் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, அவர் சொன்னதை, தாத்தா சொன்னதாகச் சொன்னார் என்பது உட்பட, அவர் வாய்மொழியிலேயே எழுதி வைத்தேன்.